செம்புக் கம்பியும் ‘எப்டித் தெரியும்’ சாரும்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் எப்பேர்ப்பட்ட சாதுவையும் இரண்டே வார்த்தையில் கொலைவெறி கொள்ளவைக்க அவர் ஒருவரால்தான் முடியும். எழுபதுகளில் எங்கள் தொழிற்சாலையில், ஆட்களின் வருகையைப் பதியும் டைம் ஆபீசில் குமாஸ்தா. எனக்குப் பக்கத்து மேசை. கல்லூரியில் தத்துவம் படித்தவர். ‘அறிவு என்றால் என்ன?’ என்ற முதல் பாடத்துக்குள் நுழைந்தவர் வெளியே வரவே இல்லை என்பது என் அபிப்பிராயம். யார் எதைச் சொன்னாலும் “எப்டித் தெரியும்?” என்பார். அதுவே அவர் பெயராகிவிட்டது.

“சார், ரயில் லேட்டு.”

“எப்டித் தெரியும்?”

“ஆரம்பாக்கத்துல நிக்குதாம்.”

“பாத்தியா, கேள்விப்பட்டியா?”

இந்த விசாரணை முடிவதற்குள் ரயில் வந்து போய்விடும்.

ஒருநாள் ஸ்டோரில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று காணாமல் போனது. கூட்டிப் பெருக்கும் மேரிதான் எடுத்தாள் என்று மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் ‘தெரிந்துவிட்டது’. கேன்டீன் வாசலில் அத்தனை பேர் முன்னிலையிலும் அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னார் மேனேஜர். அழுதுகொண்டே நடந்தவளை மறித்து நிறுத்தினார் நம்மவர்.

“யாரு சார் பாத்தது?”

“அதான் எல்லாருக்கும் தெரியுமேய்யா!”

வாட்ச்மேனைப் பிடித்தார். “ஃபிட்டரு சொன்னாருபா.” ஃபிட்டரைப் பிடித்தார். “டிரைவரு சொல்லிக்கினு இருந்தாரு.” டிரைவர் தலையைச் சொறிந்தார். “வாட்ச்மேன்தான் நைனா சொன்னான்.”

கூட்டம் சிரித்துவிட்டது. மேனேஜர் முகம் சிவந்தது. “அப்ப அவ எடுக்கலைன்னு உமக்குத் தெரியுமா?”

“தெரியாது சார்.”

மேரிக்கே பொறுக்கவில்லை. “இன்னா சார், நீயும் இப்டி சொல்றே?”

“எனக்குத் தெரியாது மேரி. இவங்களுக்கும் தெரியாது. நான் ஒத்துக்கிறேன், இவங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க. தெரியாத விஷயத்துக்காக உன் சோத்துல மண்ணு போட உடமாட்டேன்.”

“உம்ம வேலையும் போயிடும்!”

“போகட்டும் சார்” என்று வாசற்படியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். வேலைக்குத் திரும்பச் சொல்லி சைரன் ஊதியது. ஒருவரும் அவரைத் தாண்டிப் போகவில்லை. கடைசியில் வாட்ச்மேன் முன்னால் வந்து, “நான் பாக்கல சார்” என்றான். ஃபிட்டரும் டிரைவரும் அதையே முணுமுணுத்தார்கள்.

மேரியின் வேலை தப்பியது. கம்பியை எடுத்தது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. எதிர்த்துப் பேசியதற்காக அவரை மட்டும் ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள்.

அந்த வாரம் முழுக்க, நாங்கள் எல்லோரும் வேலைக்கு வரும், ஒற்றைக்காலில் நிற்கக்கூட இடமில்லாத காலை ரயிலில், அவர் வழக்கமாக உட்காரும் ஜன்னலோரத்தில் ஒருவரும் உட்காரவில்லை.