புரூஜ் ரயிலில் மூண்ட மௌனப் பெரும்போர்

வாழ்க லீவன்! பெல்ஜிய நாட்டுக் கெண்ட் மாநகரின் களிறு, கோபத்தைத் தவிர வேறெதையும் சேமித்தறியாச் செம்மல், வழுக்கையையே மணிமுடியாய்ச் சூடிய வள்ளல் வாழ்க! அவ்வீரன் யாரெனில், நாணத்தோடு நவில்கிறேன், இதை எழுதும் நானேதான்.

புரூஜ் நகரில் வாழும் என் மனைவியின் தமக்கை ஹில்டா, விலாங்கு மீனைப் பச்சிலைச் சாற்றில் வேகவைத்து, எங்களை விருந்துக்கு அழைத்திருந்தாள். ரயிலேறும் வேளையில் நம் வீரன் வாயெனும் வில்லை வளைத்து ஒரு கணை தொடுத்தான்.

"உங்கக்கா இன்னைக்கும் மீன்ல உப்பைக் கொட்டி வச்சிருப்பா."

ஊழித்தீ ஒத்த விழியினளாய் அவன் மனைவி மார்லீன் சூளுரைத்தாள்.

"நீயா மன்னிப்புக் கேக்குற வரைக்கும் நான் உங்கிட்ட பேசப்போறதில்ல."

"நானும்தான்" என்று அவனும் வஞ்சினம் கூற, மூண்டது மௌனப் பெரும்போர்.

ரயிலெனும் நெடுநாகம் பசும்புல் வெளிகளை விழுங்கி விரைய, அவன் செய்தித்தாளைக் கேடயமாய்த் தூக்கினான். அவளோ பின்னலூசிகளை இரட்டை வேலென ஏந்தினாள். ஓடைக்கரையில் ஒற்றைக்கால் நாரை ஒன்றைக் கண்டபோது, 'அங்க பாரு' என்னும் சொற்படை அவன் தொண்டை வரை திரண்டு வந்து, மானம் கருதிப் புறங்காட்டி ஓடியது. அவளும் நாரையைக் கண்டாள், அவளும் பேசவில்லை.

அந்தோ, வந்தது புரூஜ்! மேகம் தடவும் மணிக்கூண்டு தெரிந்தது; கால்வாய் சூழ் தொன்னகரின் நடைமேடையில் ஹில்டா நின்று கையசைத்தாள். எழுபவர் 'வா' என்று சொல்லியாக வேண்டும், சொல்பவர் தோற்றவர். ஆதலின், குன்றென அசையாது வீற்றிருந்த இருவரும், கண்ணாடி வழியே அவளுக்குப் பதிலுக்குக் கையசைத்தனர். கதவுகள் மூடின. ரயிலோடு கொஞ்ச தூரம் ஓடிவந்த ஹில்டா சிறுத்து, புள்ளியாகி, மறைந்தாள்.

மார்லீனின் கைப்பேசி போர்முரசென முழங்கிற்று. பெட்டி முழுதும் கேட்டது ஹில்டாவின் குரல்.

"ஏண்டி, நான் கை காட்டினா இறங்கி வரணும். டாட்டா காட்டிட்டுப் போறீங்க?"

மார்லீன் வாய் திறவாது கைப்பேசியை அவனிடம் நீட்டினாள். அவன் திருப்பி நீட்டினான். அவள் மீண்டும் நீட்ட, எதிர் இருக்கைக்காரர் இருவரையும் மாறிமாறிப் பார்க்க, நாணம் மேலிட்ட நம் வீரன், "நாங்க அப்புறம் கூப்பிடுறோம் ஹில்டா" என்று மொழிந்துவிட்டான்.

மார்லீன் புன்னகைத்தாள்.

"அது உங்கிட்ட பேசினதில்லையே, ஹில்டாகிட்டதானே பேசினேன்" என்று வெகுண்டு முழங்கினான், கெண்ட் நகரக் களிறு, அவளிடமே.

"இப்பப் பேசிட்டியே" என்றாள் அவள்.

அடுத்த நிறுத்தமான ஆஸ்டெண்டில் இறங்கி, புரூஜுக்குத் திரும்பிப் போகும் ரயில் எந்த நடைமேடையில் வரும் என்று விசாரித்தோம்.