கெசட்டைக் கழுவிய கதை

"இந்தப் பொட்டி வெள்ளிக்கிழம லொறியில ஏறுது. அந்த எடத்துக்குத் தையல் மெசின் வருது. அவ்வளவுதான்!"

செட்டின் முன் மைக்கை வைத்துப் பதிந்த அம்மன் பாட்டு ஒலிக்க வேண்டிய கணினியிலிருந்து தன் மனைவி ஜீவராணியின் குரல் இவ்வாறு கணீரென்று எழுந்ததைக் கேட்டுக் கஜேந்திரன் திடுக்கிட்டான். அதனைத் தொடர்ந்து றொசல்ல நிலையத்தை நெருங்கும் ரயிலின் கூவலும், பக்கத்து லயத்து வீட்டு நாயின் மறுமொழியும் தெளிவாகப் பதிவாகியிருந்தன. பாட்டு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோற் கேட்டது.

"நான் பேசினது நல்லாத்தான் விழுந்திருக்கு" என்றாள் ஜீவராணி.

அந்தக் கெசட் கோயிலுக்குரியது. முப்பது ஆண்டுகளுக்கு முன் தேயிலைத் தோட்டத்துப் பஜனைக் குழுவினர் பாடியது. நாள்தோறும் காலை ஐந்தரை மணிக்கு ஒலிபெருக்கியில் முழங்குவது. கோயிலின் டேப் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருந்தமையால், பாட்டைக் கணினியில் ஏற்றிப் பென் டிரைவில் தருவதாகத் தலைவர் வீரய்யாவிடம் கஜேந்திரன் வாக்களித்திருந்தான். தன் ஸ்டீரியோ செட் கோயில் காரியத்துக்கு உதவிற்று என்றாகிவிட்டால், அதனைப் பழைய சாமான் லொறியில் ஏற்ற எவருக்கு மனம் வரும்?

மறுநாள் ஹற்றனுக்குச் சென்று, செட்டையும் கணினியையும் இணைக்க ஒரு வயர் வாங்கி வந்தான். மாலையில் தொண்ணூறு நிமிடம் பொறுமையுடன் பதிவு செய்தான். சத்தம் அளவுக்கு மிஞ்சி ஏறிவிட்டது.

"என்னாங்க இது, அம்மனைப் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கூப்பிடுறாங்க?"

மூன்றாம் நாள் சத்தத்தைக் குறைத்தான். இப்போது பாட்டின் அடியில் வண்டு ஒன்று இடைவிடாது ரீங்கரித்தது. குற்றவாளி குளிர்சாதனப் பெட்டிதான் என்று கண்டுபிடித்து, அதன் பிளக்கைப் பிடுங்கினான். வண்டு ஒழிந்தது. வெற்றிக் களிப்பில் பிளக்கை மீண்டும் செருக மறந்தான்.

"நாப்பது ஐஸ் பக்கெட்டும் தண்ணியாப் போச்சு! ஸ்கூல் புள்ளைங்களுக்கு இனிமே ஸ்ட்ரோ போட்டா விப்பேன்?"

அதன்பின் அவ்வீட்டில் அந்தச் செட்டுக்கு இருந்த ஆயுள் இரண்டே நாள்.

பதிவு நன்றாக அமைந்தது; கெசட்டிலேயே இருந்த குறைகள்தாம் எஞ்சின. மூன்றாம் பாட்டின் நடுவே மத்தளக்காரர் மும்முறை இருமினார். ஆறாம் பாட்டில் எவரோ விபூதித் தட்டைக் கீழே போட்டார். கடைசிப் பாட்டில் நாடா இழுபட்டு, பாடகர் ஓவென்று அழுதார். காலை வேளைகளில் போர்வைக்குள் இருப்பவனாதலால், கஜேந்திரன் இவற்றை முன்பு கவனித்ததில்லை.

அடுத்த நாள் மாலை பதிவைப் போட்டுவிட்டு மனைவியின் முகத்தை நோக்கியிருந்தான். இருமல் ஒலித்ததும் அவள் சட்டென எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தட்டு விழுந்ததும், வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் கிருஷாந்தியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அம்மா, நான் முழிச்சுத்தானே இருக்கேன்!"

நாடா அழுதபோதோ, கொழுந்துக் கூடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை சென்றேவிட்டாள்.

"எங்க புள்ள கிளம்பிட்ட?"

"தெரியலைங்க. இதக் கேட்டா வீட்டுல நிக்க முடியல."

கஜேந்திரன், அவள் செட்டை வெளியேற்றுவாள் என்றல்லவா அஞ்சியிருந்தான்; இப்போது அவளே வெளியேறப் பார்க்கிறாளே! அப்போதே கணினியின் முன் அமர்ந்து, இருமலை அழித்தான். தட்டோசையைத் துடைத்தான். நாடா அழுத அடியை வெட்டிவிட்டு, அதே அடியை முற்பகுதியிலிருந்து எடுத்து ஒட்டினான்.

வியாழன் மாலை வீரய்யா வந்து கேட்டார். கண்களில் நீர் மல்கிற்று.

"பாட்டு குளிச்சு முழுகிட்டு வந்த மாதிரி இருக்குப்பா! இப்பேர்ப்பட்ட செட்டையா லொறிக்குக் குடுக்கப் போற, ஜீவராணி?"

"காலையில பெரட்டுல நாலு பேரு நல்லாருக்குன்னு சொல்லட்டும், தலைவரே. பொட்டி இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குப் பாட்டு மலைச்சரிவெங்கும் மாசுமறுவின்றிப் பரந்தது. அந்த நான்கு பேரின் வாழ்த்தையும் நேரிற் பெற்றுக்கொள்ளும் பொருட்டுக் கஜேந்திரன் பெரட்டுக் களத்துக்கு முன்கூட்டியே சென்று நின்றான்.

ஏழு மணியாயிற்று. வேலைக்குப் பெயர் பதியும் அக்களத்தில் அவனையும் வீரய்யாவையும் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையும் தவிர ஒரு குருவி இல்லை. ஏழரைக்குப் பெண்கள் தலைவிரி கோலமாய் ஓடிவந்தனர். ஜீவராணி ஒரு காலில் மட்டும் செருப்பணிந்திருந்தாள்.

கண்டாக்கு கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ஒருத்தர் ரெண்டு பேர்னா பரவால்ல. முழு டிவிசனுமா தூங்கும்?"

"பாட்டு சரியா அஞ்சரைக்குப் போட்டேனுங்களே!" என்றார் வீரய்யா.

"ஒரு குறை இல்லாத பாட்டுங்க! யாருமே கேக்கலியா?" என்றான் கஜேந்திரன், அழாக் குறையாக.

பாதி வெந்த ரொட்டியைக் கையில் பிடித்தபடி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள் கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணு.

"பாட்ட யாரு தம்பி கேட்டா? இருமினா ரொட்டி போடுவோம், தட்டு விழுந்தா புள்ளைய எழுப்புவோம், டேப்பு அழுதா பெரட்டுக்கு ஓடுவோம். ஜீவராணி, அந்தப் பொட்டிய லொறிக்குக் குடுத்துறாத, உம் புருசன் மொதல்ல எங்க இருமலத் திருப்பி ஏத்தித் தரட்டும்!"