லீவு லெட்டரில் நான் எழுதிய மூன்று வியாதிகள்

ஆயிரம் பேரைக் கொன்றால்தான் அரை வைத்தியன் ஆக முடியும் என்பார்கள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை. சமூகப் பணியாளராகச் சேர்ந்த முதல் மாதம் மனநலச் சொற்கள் பற்றி ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஆறாம் நாள் நான் முழு வைத்தியர். (கதவுத் தாழ்ப்பாளை இரண்டாம் தரம் இழுத்துப் பார்த்த பாவத்துக்கு என் கணவருக்கு ஓசிடி என்று பட்டம் கொடுத்தேன்.)

அந்த வாரம் பொன்னேரியில், எங்கள் ஆபீசில் உதவி கேட்டிருந்த எஸ்தர் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் செல்வராஜ் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. எட்டு மாதமாக ராத்திரி ஷிப்ட். மூன்று நாளாக வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"தூக்கமே இல்ல மேடம். தன்னால பேசிக்கினு கீறாரு. மேல இருந்து யாரோ பாக்குறாங்களாம், பேரச் சொல்லிக் கூப்புடுறாங்களாம். ரொம்ப பேஜாரா கீது" என்று அக்கா அழுதார்.

எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். படித்த அத்தனையும் ஒரே ஆளிடம்! பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் எழுது, வியாதியின் பெயரை டாக்டர் எழுதுவார் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். அதைக் காற்றில் பறக்கவிட்டேன். அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அக்கா கம்பெனிக்கு ஒரு லீவு லெட்டர் கேட்டார். இல்லாத குரல் கேட்பதற்கு ஹாலுசினேஷன், யாரோ பார்ப்பதாக நினைப்பதற்குப் பேரனாய்டு டெல்யூஷன், மொத்தத்துக்கும் சேர்த்து சைக்கோசிஸ் என்று வரிசையாக எழுதி, சீலும் குத்திக் கொடுத்தேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு அக்காவிடமிருந்து போன். "இன்னா மேடம் எழுதிக் குடுத்தீங்க? லெட்டரக் குடுக்கப் போனவர கேட்டுலயே நிறுத்திட்டாங்க. ஒரு மணிக்கு கான்ட்ராக்டர் வந்து இவரு பேர அடிச்சுட்டு வேற ஆளப் போட்டுருவாராம்!"

ரயிலில் ஏறினேன். அது நகர்வதாக இல்லை. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், அவர் ஒருத்தர் சம்பளம். உண்மையிலேயே வியாதி இருந்தாலும் அது அவருக்கும் டாக்டருக்கும் உள்ள விஷயம். நான் அதைக் கம்பெனி கேட்டில் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறேன். "பாவி, உனக்கு எதுக்குடி இந்த மேதாவித்தனம்!" என்று என்னையே திட்டிக்கொண்டேன். (வாய்விட்டுத்தான். எதிரே இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.)

நான் ஆலை ஆபீசுக்குள் நுழையும்போது மணி ஒன்றாகப் பத்து நிமிடம் இருந்தது. ஷிப்ட் போடும் அதிகாரி கையில் என் லெட்டர். செல்வராஜ் தலை குனிந்து நின்றிருந்தார்.

"இவர உள்ள விட்டு, ஃபர்னஸ் பக்கம் எதுனா ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"சார், லெட்டர் தப்பு. நான் டாக்டர் இல்ல. அவர ஒரு வார்த்த கேக்காம எழுதிட்டேன்."

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "மேல இருந்து யாருய்யா உன்னப் பாக்குறது?"

செல்வராஜ் மெதுவாகக் கையைத் தூக்கினார். கூரையில் புது கேமரா.

"பேரச் சொல்லிக் கூப்புடுறது?"

அதே நேரம் வெளியே மைக் அலறியது: "முனுசாமி, மூணாம் நம்பர் ஷெட்டுக்கு வா!" யாரும் சிரிக்கவில்லை.

"சரி, தனியா இன்னாத்தப் பேசிக்கினு இருக்க?"

அவர் அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார். "உங்ககிட்டதான் சார். டே ஷிப்ட் குடுங்கன்னு கேக்கணும். ஊட்ல சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினு கீறேன். இங்க வந்தா வாய் வரல."

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அதிகாரி லெட்டரை என்னிடமே நீட்டினார். "டாக்டர்கிட்ட காட்டிட்டு வரட்டும். பேர அடிக்கல." டாக்டர் பொறுமையாகப் பேசிப் பார்த்து, மாதக்கணக்கில் தூக்கம் கெட்டதுதான் காரணம், பகல் வேலை கொடுங்கள் என்று எழுதினார்.

இப்போது அவருக்குப் பகல் ஷிப்ட்தான். போன மாதம் மூத்த மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "இந்த மேடம்தான் எனக்குப் பைத்தியம்னு சீல் குத்திக் குடுத்தவங்க. அவங்க புண்ணியத்துலதான் ராத்திரி தூங்குறேன்" என்றார். எஸ்தர் அக்காவுக்குச் சிரித்துப் புரையேறியது.

மாப்பிள்ளையின் அப்பா சிரிக்கவில்லை. தம்பளரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "மேடம், எங்க புள்ளயப் பத்தி மட்டும் ஒண்ணும் எழுதிடாதீங்க."