சத்தம் போடாத கம்ப்யூட்டர்

பிரவின் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சோம்பல் முறித்தான். உடனே பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து டொக், டொக், டொக். மூன்று நாளாக இதே கதைதான்.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தான்.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டும் கம்ப்யூட்டர் அது. உள்ளே நான்கு ஃபேன். ஓட ஆரம்பித்தால் மாவு மில் தோற்றுவிடும். பாவம், பக்கத்து வீட்டுச் சந்திரகலா அக்கா இத்தனை நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, இப்போதுதான் பொறுமை இழந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்காரர் நாச்சியப்பன் சாவி கொடுத்த அன்றே சொல்லியிருந்தார்: "பக்கத்து வீட்டுல இருந்து ஒரே ஒரு கம்ப்ளெய்ன் வந்தாலும் அக்ரிமென்ட்ட புதுப்பிக்க மாட்டேன் தம்பி."

பிரிக்பீல்ட்ஸில் இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கிடைக்க ஏழு ஜென்மம் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் கையெழுத்துக்கு வருகிறார்.

போன் அடித்தது. கிள்ளானிலிருந்து அம்மா. கவிழ்த்து வைத்தான். இந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று வந்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் முறுக்கு கொடுத்துப் பேசிப் பழகிவிட்டுப் போனவள். அதற்குப் பிறகு இவன் அவளிடம் பேசியதெல்லாம் "வேலையா இருக்கேன்மா" மட்டும்தான். இந்த வாரம் அதுவும் இல்லை.

கூட்டாளி செந்தில்தான் வழி சொன்னான். "ஃபேன் கன்ட்ரோலர் வாங்கி மாட்டு லா. குமிழைத் திருகினா ஃபேன் மெதுவா சுத்தும். சத்தம் போயிடும்."

வியாழக்கிழமை மாட்டினான். குமிழைப் பாதி திருகியதும் மாவு மில் அடங்கியது.

டொக், டொக்.

"இன்னுமா கேக்குது? இந்த அக்காவுக்கு என்ன காதுடா சாமி!"

வெள்ளிக்கிழமை முக்கால்வாசி திருகினான். கம்ப்யூட்டர் மேல் தோசை ஊற்றலாம் என்கிற அளவுக்குச் சூடு. சுவரில் இப்போது கரண்டியால் தட்டுகிற சத்தம். போனில் மறுபடி அம்மா. "ஐயோ, இவங்க வேற!" என்று போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினான்.

சனிக்கிழமை கடைசிவரை திருகிவிட்டான். நான்கு ஃபேனும் நின்றன. வீடியோவில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் கம்ப்யூட்டர் சூடு தாங்காமல் தானே அணைந்தது. வீட்டில் ஈ பறந்தாலும் கேட்கும்.

சுவரே அதிர்ந்தது. இந்த முறை அம்மிக் குழவியாகத்தான் இருக்க வேண்டும்.

பிரவின் சுவரைப் பார்த்துக் கைகூப்பி நின்றான். மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் வாயைத் திறந்தால் அதுவும் சத்தமாயிற்றே!

ஞாயிறு காலை நாச்சியப்பன் அக்ரிமென்ட்டை விரித்துப் பேனாவைத் திறந்த நேரம், கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால், வாசலில் சந்திரகலா அக்கா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கையில் போன்.

"என்ன விஷயம்?" என்று நாச்சியப்பன் பேனாவை மூடினார்.

பிரவினுக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, கம்ப்ளெய்ன் பண்ணிடாதீங்க! ஃபேனையெல்லாம் நிறுத்திட்டேன். சத்தியமா இனிமே என் வீட்டுல இருந்து பொட்டுச் சத்தம் வராது!"

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு போனை அவன் கையில் திணித்தார்.

"அடப்பாவி, நிறுத்தினது நீதானா? ஒரு வாரமா நீ போன் எடுக்கலேன்னு உங்கம்மா என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. சத்தம் அடங்கினப்பல்லாம் பயந்துபோய்ச் சுவத்தத் தட்டினேன், நீ பதிலுக்கு ஒரு தட்டுகூடத் தட்டல. அந்தச் சத்தத்த வச்சுத்தானேடா ‘உங்க புள்ள நல்லா இருக்கான் ஆன்டி’ன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்!"