பாண் இல்லாத பாண் வான்

கைத்தொலைபேசியில் பார்க்கும்போது உலகத்தில் கஷ்டமான வேலை என்று ஒன்றுமே கிடையாது. யாரோ ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பழைய சாமான் வான் ஒன்றை வாங்குகிறார்கள். வீடியோ முடிவதற்குள் அதற்குள்ளே கட்டில், அடுப்பு, அலுமாரி, யன்னல் திரை எல்லாம் முளைத்துவிடுகின்றன. கடைசியில் இருவரும் ஒரு மலை உச்சியில் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கோப்பி குடிக்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டு 'இது எனக்கும் ஏலும்' என்று நினைக்காத ஆண்பிள்ளை யாராவது இருந்தால் அவர் என்னைவிடப் புத்திசாலி. (என்னைவிடப் புத்திசாலியாக இருப்பது பெரிய காரியமில்லை. வாசித்து முடிக்கும்போது நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.)

சில வருடங்களுக்கு முந்திய கதை இது. நான் சுன்னாகத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுப்பவன். மனைவி சுகிர்தா ஆஸ்பத்திரியில் நேர்ஸ். அந்த வருடம் அவளுடைய வார்ட்டில் ஆள் பற்றாக்குறை. டியூட்டி முடித்து வந்தால் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலேயே நித்திரையாகிவிடுவாள். தொலைபேசி அடித்தால் திடுக்கிட்டு எழும்புவாள். பாதி நாட்கள் திரும்பவும் வேலைக்குப் போய்விடுவாள். நன்றாகச் சிரிக்கிற மனுசி அவள். அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கனநாளாகிவிட்டது. எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவோமென்றால் இளையவள் ரூபிக்கு பஸ்ஸில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும். கார் வாங்குகிற நிலைமை இல்லை. மூத்தவள் எஸ்தருக்கோ பதின்மூன்று வயது. எங்களோடு வெளியில் வருவதே அவளுக்கு வெட்கம்.

இந்த நேரத்தில்தான் எனக்கு அந்த வீடியோ அகப்பட்டது. அடுத்த மாதமே எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய வான் நின்றது.

வெதுப்பகம் ஒன்று தெருத்தெருவாகப் பாண் (பிரெட்) விற்றுவிட்டு மலிவாகத் தள்ளிவிட்ட பாண் வான். முன்னுக்குச் சாரதியின் இருக்கை, பின்னுக்கு அலுமினியப் பெட்டி, இரண்டுக்கும் நடுவில் தகரச் சுவர். சுகிர்தா அதை ஒருதரம் சுற்றிப் பார்த்தாள். "உதுக்குள்ளையோ நாங்கள் படுக்கப் போறம்?" என்று மட்டும் கேட்டாள். நான் கைத்தொலைபேசியை எடுத்து அந்த மலை உச்சிக் கோப்பியைக் காட்டினேன். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு டியூட்டிக்குப் போனாள்.

சில மாதங்கள் சனி, ஞாயிறு முழுக்க வேலை செய்தேன். பாண் தட்டுகளைக் கழற்றினேன். கட்டில் அடித்தேன். (முதல் கட்டில் என் அளவுக்குச் சரியாக இருந்தது. சுகிர்தாவுக்கு அதில் இடமில்லை. இரண்டாவது கட்டில் அடித்தேன்.) காற்றுக்கு ஒரு சின்ன யன்னல் வெட்டி, கள்ளர் பயத்தில் அதற்கு இரும்புக் கம்பியும் போட்டேன். வெளிப்பக்கத்துக்கு நல்ல கடல் நீலத்தில் பெயின்ற் அடித்தேன். வெயில் ஏற ஏற, நீலத்துக்குள்ளிருந்து 'சூடான பணிஸ்' என்ற எழுத்துகள் மெல்ல வெளியே வந்தன. உள்ளே எந்த மூலையில் கையை வைத்தாலும் எறும்பு. பழைய சீனி வாசம் அவற்றுக்கு மறக்கவில்லை.

மின்வேலையும் நானே. காற்றாடிக்கு ஒரு சுவிட்ச், பல்புக்கு ஒரு சுவிட்ச். ஆனால் நான் வாங்கிய பலகையில் மூன்று சுவிட்சுக்கு இடம் இருந்தது. ஓட்டையாக விட்டால் வடிவில்லையே என்று மூன்றாவதையும் பூட்டி, கூரைப் பக்கத்திலிருந்து சும்மா தொங்கிக்கொண்டிருந்த ஒரு வயரை அதில் முறுக்கிவிட்டேன். அழுத்திப் பார்க்கவில்லை. அழகுக்குத்தானே.

தூரப் பயணத்துக்கு முன் ஒரு வெள்ளோட்டம் போகலாம் என்று முடிவாயிற்று. சுகிர்தாவுக்கு அருமையாக இரண்டு நாள் லீவு கிடைத்திருந்தது. நாலு பேரும் முன்னுக்கு நெருக்கியடித்து இருந்துகொண்டு, பருத்தித்துறை கடந்து மணற்காட்டுக்குப் போனோம். மணல் மேடுகள், சவுக்கு மரங்கள், அப்பால் கடல். காலை வேளை, ஒரு குருவி கூட இல்லை. ரூபி வழியில் சத்தி எடுக்கவில்லை என்பதே எனக்குப் பாதி வெற்றி.

"எல்லாரும் உள்ளுக்கை வாங்கோ, முதல் தேத்தண்ணி போடப்போறன்" என்றேன். இது குடும்பத்துக்கான நேரம், ஆகவே ஒருவரும் தொலைபேசியைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டு, எல்லாத் தொலைபேசிகளையும் வாங்கிச் சாரதியின் இருக்கையில் வைத்திருந்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன், கடற்காற்று அணைத்தது. மறுபடி பற்றவைத்தேன்; மறுபடி அணைத்தது. மூன்றாம் தரம் எழும்பிப் போய் பின்கதவை இழுத்து அடித்துச் சாத்தினேன்.

வெளியில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அது வெளிப்பக்கக் கொண்டி தானாக விழுந்த சத்தம். பாண் வானுக்கு உள்ளே ஆள் இருப்பதில்லை. ஆகவே உள்ளே கைப்பிடியும் இல்லை. இதை நான் அந்த வானோடு மாதக்கணக்காகக் குடித்தனம் நடத்தியும் கவனிக்கவில்லை.

தள்ளினேன். தோளால் இடித்தேன். காலால் உதைத்து, அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன். பிறகு யன்னல் கம்பிக்குள்ளால் கத்தினோம். நாங்கள் மெதடிஸ்த குடும்பம், தேவாலயத்தில் நாலு குரலில் கீதம் பாடிப் பழகினவர்கள். நாலு பேர் சேர்ந்து வாயைத் திறந்தால் தன்பாட்டில் நாலு குரலாகப் பிரிந்துவிடும். 'உதவி' என்று நாங்கள் கூப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மாதிரித்தான் இருந்திருக்கும். காற்று அதையும் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது.

எஸ்தர் அழத் தொடங்கினாள். ரூபி அக்காவைப் பார்த்து அழுதாள். வெயில் ஏறினால் இந்தத் தகரப்பெட்டி என்னவாகும் என்று அப்போதுதான் மூளையில் உறைத்தது. பாண் வேகிற சூட்டை நினைத்தேன். களைத்துப் போனவளுக்கு ஆறுதல் தேடப்போய், பெண்சாதி பிள்ளைகளை என் கையாலேயே அடைத்து வைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். சுகிர்தாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அவள் கட்டிலில் சாய்ந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "வார்ட்டிலையிருந்து இஞ்சை ஒருத்தரும் என்னைக் கூப்பிடேலாது, என்ன?"

"ஏலாது," என்றேன்.

"போன் வந்தாலும் எனக்குக் கேளாது."

"கேளாது."

அவ்வளவுதான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாயைப் பொத்தினாள். பிறகு பொத்த முடியவில்லை. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அம்மாவைப் பார்த்துத் திகைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. (எனக்கு அவசரமாக வெளியில் போகவேண்டியிருந்தது. காலையில் இரண்டு இளநீர் குடித்திருந்தேன்.)

சிரித்து முடித்ததும் அவள் நேர்ஸாகிவிட்டாள். பிள்ளைகளின் சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, போத்தல் தண்ணீரைப் பங்கிட்டு, காற்றாடியைப் போடச் சொன்னாள். ரூபிக்கு எது காற்றாடிச் சுவிட்ச் என்று தெரியவில்லை. மூன்றையும் அழுத்தினாள்.

எங்கள் தலைக்கு மேல் பாண் வண்டிப் பாட்டுத் தொடங்கியது.

யாழ்ப்பாணத்தில் அந்தப் பாட்டைத் தெரியாத பிள்ளை கிடையாது. ஒழுங்கை முகப்பில் கேட்டாலே காசை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கூரை மூலையில் ஒரு ஒலிபெருக்கி இருந்ததை நான் ஏதோ காற்றுத் துவாரம் என்று நினைத்து அதற்கும் நீலம் பூசியிருந்தேன். அது அந்த வெறும் மணற்காட்டில் விடாமல் பாடியது. நிற்பாட்டப் போன என் கையைச் சுகிர்தா பிடித்துக்கொண்டாள். "விடுங்கோ, பாடட்டும்."

முதலில் ஒரு நாய் வந்தது. பிறகு மணல் மேட்டுக்கு அப்பாலிருந்து பேச்சுக்குரல்கள். யன்னலால் பார்த்தேன். கையில் பையோடு ஒரு அம்மா முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் மீன்பிடிக் குடிசைப் பக்கமிருந்து ஒரு வரிசையே வந்துகொண்டிருந்தது. அவர் வானின் பின்பக்கம் வந்து நின்று, நேற்றும் வரவில்லை, முந்தநாளும் வரவில்லை, பிள்ளைகள் வெறும் தேத்தண்ணியோடு பள்ளிக்கூடம் போகுதுகள் என்று கதவைப் பார்த்துக் குறைசொன்னார். பிறகு, "ரெண்டு றாத்தல் பாண் தாங்கோ," என்றார்.

"அக்கா, பாண் இல்லை," என்று கதவுக்குள்ளிருந்து சொன்னேன். "நாங்கள் குடும்பமா உள்ளுக்கை அம்பிட்டு நிக்கிறம். கொண்டியை ஒருக்காத் தூக்கிவிடுங்கோ."

அந்த அம்மா யோசிக்கிறார் என்பது எனக்குத் தகரத்துக்கு இந்தப் பக்கமே தெரிந்தது.

"பாண் இல்லையெண்டா," என்று கடைசியில் கேட்டார், "பேந்தேன் பாட்டுப் போட்டனீங்கள்?"

நியாயமான கேள்வி. பாண் இல்லையென்றால் பிறகு ஏன் பாட்டு?

கொண்டி தூக்கப்பட்டது. கதவு திறந்தபோது ஊரே பையும் கையுமாக நின்று எங்களைப் பார்த்தது. நான் ஒருவருக்கும் நன்றி சொல்லாமல் சவுக்கு மரங்களை நோக்கி ஓடினேன். திரும்பி வந்தபோது சுகிர்தாவும் அந்த அம்மாவும் (பெயர் றெஜினா) கைகோர்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று றெஜினா அக்கா எங்களை விடவில்லை. பாண் கேட்டு வந்தவர் வீட்டில் எங்களுக்குப் புட்டும் மீன்குழம்பும் கிடைத்தன. வராத பாணுக்காக ஏமாந்த ஒருவர் முகத்தில் கூடக் கோபத்தை நான் பார்க்கவில்லை. சாப்பிட்டபின் சுகிர்தா மர நிழலில் பாயைப் போட்டுப் படுத்தாள். பின்னேரம் வரை அசையவில்லை. எஸ்தர் முதல்முறையாக என் பக்கத்தில் வந்து இருந்து, வான் நல்லாத்தான் இருக்கு அப்பா என்றாள். கடலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி பூட்டி, அந்த வானிலேயே திருகோணமலைக்கும் நுவரெலியாவுக்கும் போய்வந்தோம். மலை உச்சிக் கோப்பியும் குடித்தோம். (எறும்பும் குடித்தது.) ஆனால் ஒவ்வொரு வருடமும் முதல் பயணம் மணற்காட்டுக்குத்தான். தட்டுத் தட்டாகப் பாண் ஏற்றிக்கொண்டு போய், பாட்டைப் போட்டுக்கொண்டே ஊருக்குள் நுழைவோம். றெஜினா அக்கா காசு கொடுக்க வருவார். சுகிர்தா அவரோடு சண்டை பிடிப்பாள்.

என் மரியாதை மட்டும் அன்று போனதுதான். இப்போதும் சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, பின்வளவில் மீன்தொட்டி கட்டப்போகிறேன் என்றோ கூரையில் தோட்டம் போடப்போகிறேன் என்றோ நான் தொடங்கினால் மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பார்கள். சாமான் எல்லாம் வாங்கியாச்சோ என்று சுகிர்தா விசாரிப்பாள். இன்னும் இல்லை என்பேன். உடனே ரூபி ஒரு பையை எடுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு கேட்பாள்:

"பேந்தேன் அப்பா பாட்டுப் போட்டனீங்கள்?"