வலது கண்ணில் ஓதம்

அன்பு அக்காவின் சமூகத்துக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நான் இங்கே சுகம். அதாவது இடது கண்ணும் மற்ற உறுப்புகளும் சுகம். நீயும் அத்தானும் மருமகளும் முழுசாகச் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். என் குரல் ஒரு மாதிரி ஆனாலே நீ உடனே பெட்டியைக் கட்டிவிடுவாய். அதனால்தான் கடிதம். பதறாதே, கிளம்பி வராதே.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசை நடுவில் தொப்பை போட்டிருந்தது. இருபது வருஷமாக நூல் பிடிக்கிறவன், சும்மா விடுவேனா? பெயர்த்தெடுத்து நேராக்கினேன். சாயங்காலம் வீட்டுக்கார அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னங்க இது, காலைல நேரா இருந்துச்சு, இப்ப பாம்பு மாதிரி போகுது?" என்றார். நான் சுவரைக் குறை சொன்னேன், பிறகு கொத்தனாரை, பிறகு அந்த அம்மா போட்டிருந்த மூக்குக் கண்ணாடியை. அவர் என் ரசமட்டத்தையே எடுத்து அந்த வரிசைமேல் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. "மேஸ்திரி, முதல்ல போய் கண்ணைக் காட்டுங்க" என்று அனுப்பிவிட்டார்.

கண் ஆஸ்பத்திரியில டாக்டரம்மா கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில கொடுத்து, "இடது கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க, எப்படித் தெரியுது?"ன்னாங்க. "யார் ஒட்டினது இது? நடுவுல தூக்கிக்கிட்டு நிக்குதே"ன்னேன். "அச்சடிச்ச தாளுங்க, நேராத்தான் இருக்கு"ன்னாங்க. அப்புறம் சொட்டு மருந்து விட்டு, ஒரு இருட்டு அறையில மெஷின் முன்னால உட்கார வச்சாங்க. தாடையை வச்சு நெத்தியை முட்டுக் கொடுத்தா, உள்ளே நீலமா ஒரு கூட்டல் குறி. படம் எடுக்கிற பொண்ணு, "அதையே பாருங்க, இமைக்காதீங்க, அப்படித்தான், ரொம்ப நல்லாப் பண்றீங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அக்கா, நான் ஒண்ணை நல்லாப் பண்றேன்னு யாராவது சொல்லி எத்தனை நாளாச்சு? நாலாவது படத்துக்கு வேணும்னே இமைச்சேன். "பரவால்ல, இன்னொண்ணு எடுத்துக்கலாம்"னுச்சு. அஞ்சாவதுக்கும் இமைச்சேன். ஆறாவதுல அதுக்குப் புரிஞ்சிருச்சுபோல. கோவிச்சுக்கலை. மெதுவா, "வீட்டுல யாரு இருக்காங்க?"ன்னு கேட்டுச்சு. "எல்லாரும் இருக்காங்க"ன்னு சொல்லிட்டேன்.

படத்துல அடுக்கடுக்கா சாம்பல் நிறம், நடுவுல ஒரு உப்பல், அதுக்கு அடியில கருப்பு. "கருப்பா இருக்கிறது தண்ணி"ன்னாங்க டாக்டரம்மா. கண்ணுக்குப் பின்னால நரம்பு நுழையற இடத்துல பிறவியிலேயே எனக்கு ஒரு சின்னக் குழியாம். அது வழியா நீர் கசிஞ்சு, விழித்திரைக்கு அடியில தேங்கி, அதைத் தூக்கிடுச்சாம். "புரியுதா?"ன்னாங்க. எனக்கா புரியாது? அடியில ஈரம் ஊறி ஓதம் ஏறின தரை. நாற்பத்திரண்டு வருஷமா தலைக்குள்ள குழியை வச்சுக்கிட்டு, ஊரான் சுவத்துல குத்தம் கண்டுபிடிச்சிருக்கேன். "எத்தனை நாளா வளைஞ்சு தெரியுது?"ன்னு கேட்டாங்க. அப்பத்தான் நான் டைல்ஸ் ஒட்டின உன் சமையலறை ஞாபகம் வந்துச்சு. அடுப்புக்கு மேல வரிசை வளையுதுன்னு அத்தான் சொன்னாரே, கரணையைக் கீழே போட்டுட்டுச் சாப்பிடாமக் கிளம்பி வந்தேனே, ரெண்டு வருஷமா உன் வாசலை மிதிக்காம இருக்கேனே. வளைஞ்சுதான் இருந்திருக்கும், அக்கா. அத்தான்கிட்ட நான் சொன்னதாச் சொல்லாதே, நீயாக் கண்டுபிடிச்ச மாதிரி சொல்லு.

ஆபரேஷன் இருபதாம் தேதி. கண்ணுக்குள்ள காத்து அடைப்பாங்களாம், அப்புறம் ஒரு வாரம் தரையைப் பார்த்துக் குப்புறவே கிடக்கணுமாம். தரையைப் பார்க்கிறது எனக்குப் பழக்கம்தான். சொட்டு மருந்து விட, சோறு போட ஒரு ஆள் வேணும், அதுக்கும் ஏற்பாடு ஆயிடுச்சு. எப்படின்னா, மருந்து விட்ட கண்ணோட தனியா அனுப்ப மாட்டோம்னு வாசல்ல நிறுத்திட்டாங்க. பக்கத்து நாற்காலியில ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருத்தர், கண்புரை, அவரும் ஒண்டி ஆள். "உங்களுக்குத் துணை நான், எனக்குத் துணை நீங்கன்னு சொல்லிடுவோம்"னார். ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு வெளியே வந்து, பஸ்னு நினைச்சு, நின்னுக்கிட்டிருந்த தண்ணி லாரியில ஏறப் பார்த்தோம். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர்தான் முதல்ல கால் வச்சார். அந்த ஒரு வாரமும் வந்து என்கூட இருக்கேன்னு வாக்குக் கொடுத்திருக்கார்.

ஆகையால் ஒரு குறையும் இல்லை, நீ வர வேண்டாம். அத்தானுக்கு என் வணக்கம், மருமகளுக்கு ஆசி, உனக்கு இரண்டுமே.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது டிரைவர் போன் பண்ணினார். வெளியூரிலிருந்து மகன் வந்து கூட்டிக்கொண்டு போகிறானாம், வீட்டையே காலி செய்கிறார். மூணு தடவை மன்னிப்புக் கேட்டார். சந்தோஷமாப் போயிட்டு வாங்கன்னு சொன்னேன். அக்கா, பத்தொன்பதாம் தேதியே வந்துடு. எந்த பஸ்னு சொல்ல வேண்டாம். முதல் பஸ்லேருந்து நான் பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன்.