பூண்டு வாசம் அடித்த பந்தயக் கார்

உலகத்தில் காரை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு, சீதனமாக வாங்கியவர்கள் உண்டு, திருடியவர்களும் உண்டு. ஒரு பெட்டி பிளம் கேக்கைக் கொடுத்துவிட்டுப் பந்தயக் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். ‘ஓட்டிக்கொண்டு’ என்று சொன்னது மரியாதைக்காக. உண்மையில் நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் ரொட்டி ராக்கெட். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது எனக்குச் சந்தேகம். அறுபதுகளின் தொடக்கத்தில் கோடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு பஸ் கம்பெனியின் புக்கிங் கிளார்க். என் ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய ரொட்டிக் கடை. குளிருக்குப் பயந்து வந்த வாரமே மதுரைக்கு ஓடியிருக்க வேண்டியவன் நான். அவர் தன் அடுப்போரம் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்ததால்தான் வேலையில் நிலைத்தேன். ஆகவே நான் நடுநிலையோடு எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆள் ஒல்லி. முழங்கை வரை மாவு, தலையில் குரங்குக் குல்லா. புருவம் கிடையாது. அது எங்கே போயிற்று என்று பிறகு சொல்கிறேன்.

அந்தக் கார் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையுடையது. சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, மூக்கின் மேல் ஒரு தோல் பெல்ட். முன்னால் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் பெட்டியைத் திறந்தால் அதற்குள் ஒரு சீட்டு. துரை சீமைக்கே திரும்பும்போது அதை வாங்க ஆள் இல்லை. பந்தயத்துக்காக எஞ்சினை என்னென்னவோ செய்து வைத்திருந்தார். சாதாரணப் பெட்ரோல் ஊற்றினால் டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம்தான் வரும். கப்பலில் சாப்பிடக் கேக் கொண்டுபோய்க் கொடுத்த நம்மவரிடம், “இதுக்கு ஸ்பிரிட்தான் ஒத்துக்கும், மேன்” என்று சொல்லிச் சாவியைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

“துரை குடிச்சதைத்தான் வண்டியும் குடிச்சிருக்கு, தம்பி. பழக்கிவிட்டுட்டாரு” என்றார் ரொட்டி ராக்கெட்.

அப்போது ராஜ்யம் முழுவதும் மதுவிலக்கு. குடிக்காமல் இருந்தால் உயிர் போகும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் மனிதனுக்கே பர்மிட். ரொட்டி ராக்கெட் நேர்வழியில் போகிற மனிதர். மலையிறங்கிப் போய் பர்மிட் ஆபீசில் வரிசையில் நின்றார்.

“யாருக்கய்யா பர்மிட்?”

“வண்டிக்குங்க.”

“வண்டிக்கு என்ன வியாதி?”

“மேட்டைக் கண்டா இருமுதுங்க.”

அவரைப் பியூன் வாசல்வரை கொண்டுவந்து விட்டார் என்று கேள்வி.

சர்க்கார் கைவிட்டால் என்ன, ரொட்டிக்காரன் கையில் ஈஸ்ட் இருக்கிறது. சீசன் முடிந்தால் வில்பட்டிப் பக்கம் பேரிக்காய் விலை போகாமல் மரத்தடியில் அழுகிக் கிடக்கும். ஒரு வில்பட்டிக்காரர் அதை மட்டக்குதிரையில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டினார். கொட்டிவிட்டுக் கேட்டார்: “ஏண்ணே, இம்புட்டு அழுகலு எதுக்கு? பன்னி வளக்கீகளா?”

“பன்னி இல்லப்பா. குதிரை. நாப்பது குதிரை, ஒரே கொட்டில்ல.”

வில்பட்டிக்காரர் தன் மட்டக்குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டே கொல்லைப்புறம் முழுக்கத் தேடிவிட்டுப் போனார்.

பழனியில் பாத்திரக்கடைக்குப் போய், யாத்திரைக்காரர்களுக்கு வெந்நீர் போட வேண்டும் என்று முருகன் பெயரில் ஒரு பொய்யைச் சொல்லிப் பெரிய செம்புத் தவலை வாங்கி வந்தார். பேரிக்காயை ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, ரொட்டி அடுப்பின் மேலேயே தவலையை ஏற்றிக் காய்ச்சினார். வடித்ததை மறுபடி வடித்து, சுட்ட சுண்ணாம்பைப் போட்டு ஈரத்தை இழுத்து, கடைசியில் ஒரு ஸ்பூன் எடுத்துப் பற்றவைத்துப் பார்ப்பார். அந்தச் சரக்கு எரிந்தால் பகலில் தீ கண்ணுக்குத் தெரியாது. முதல் தடவை, “எரியலையே” என்று குனிந்து பார்த்தார். புருவத்தின் கதை அதோடு முடிந்தது.

இன்னொரு சிக்கல், குளிரில் அந்தச் சரக்கு சுலபத்தில் பற்றாது. கோடைக்கானலிலோ குளிருக்குப் பஞ்சம் இல்லை. அதனால் காலையில் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டுகளைச் சுடச்சுட எடுத்து எஞ்சின் மேல் அடுக்கிச் சாக்கைப் போட்டு மூடுவார். ரொட்டி வாங்க வந்தவர்கள் கார் மூக்கைத் திறந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள். ரொட்டியில் லேசாக கிரீஸ் வாசம் வரும். நாலு நாளில் பழகிவிடும்.

இத்தனைக்கும் மேலே பெரிய தொல்லை, குடிகாரர்கள். கொல்லைப்புறம் இப்படி ஒரு டின் சரக்கு இருக்கிறது என்று தெரிந்தால் ஊரில் யார் சும்மா இருப்பார்கள்? காலையில் பார்த்தால் டின் காலி, பக்கத்தில் இரண்டு பேர் ஆனந்தமாகத் தூங்கிக்கொண்டிருப்பார்கள். குடிக்க முடியாதபடி எதையாவது கலந்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று யாரோ சொன்னார்கள். ஸ்பிரிட் கம்பெனிக்காரர்கள் அதற்கென்று ஏதோ மருந்து கலப்பார்களாம். அதற்கு அவர் எங்கே போவார்? கைக்கு எட்டியது மலைப்பூண்டு. வில்பட்டிக்காரரிடம் ஒரு மூட்டை வாங்கி, இடித்து, ஊறப்போட்டு, வடிகட்டிவிட்டார்.

அப்புறமும் டின் காலியானது. பிடிபட்ட ஆசாமி ஒருவர் சொன்ன அபிப்பிராயம்: “ரசம் மாதிரியே இருக்குண்ணே. இத்துணூண்டு மெளகு மட்டும் தட்டிப் போட்டுட்டா குறையே சொல்ல முடியாது.”

ஆனால் அந்தப் பூண்டால் ஓர் அடையாளம் வந்தது. கார் ஏரியைச் சுற்றி ஒரு தடவை போனால், கரையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பசி எடுக்கும். குடித்தவனோ வாயைத் திறக்கவே முடியாது. எத்தனை வெற்றிலை போட்டாலும் மூன்றாம் வீடு வரை தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் அவரை ஓட்டாத நாள் கிடையாது. ‘என்னண்ணே, ராக்கெட்டு ஏரியைத்தான் சுத்துமா, மலையேறாதா?’ என்பார்கள். ஒருநாள் ரோஷம் வந்து டீக்கடை வாசலில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

“ஏலே, கேட்டுக்கோங்க. கீழே பெருமாள்மலையிலருந்து ஏரி வரைக்கும் என் சரக்குலயே ஏத்திக் காட்டலைன்னா, நான் ரொட்டி சுடுறதை விட்டுட்டு உங்க பஸ்ஸைக் கழுவ வாறேன்.”

அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் சிந்தனை. இரண்டு டின் சேர்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டார். காரின் பெட்ரோல் டாங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் ஒரு பிஸ்கட் டின்னைத்தான் டாங்காகக் கட்டியிருந்தார். ஆகவே பாதி வழியில், வெள்ளி அருவிப் பக்கம், நிறுத்தி இரண்டாவது டின்னை ஊற்ற வேண்டும். அடுப்போரம் படுத்துக் காவல் காத்து எப்படியோ இரண்டு டின் சேர்த்தார். சேர்த்த மறுநாள் வெள்ளனே மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் கடை வாசலில் நின்றார்.

இன்ஸ்பெக்டர் புதிது. மீசையும் புதிது. தவலையைப் பார்த்தார், டின்களை மோந்து பார்த்தார்.

“என்னய்யா இது?”

“வண்டிக்குப் போடுற எண்ணெய்ங்க.”

“பூண்டு நாறுது?”

“அது வண்டிக்கு வாய்வு பிடிக்காம இருக்கங்க.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் கண் சிவப்புக் காரின் மேலேயே மேய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அந்தக் காரைக் கண்டு மயங்காத ஆண்பிள்ளை அந்த மலையில் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

“நாளைக்குக் காலையில பெருமாள்மலையிலருந்து இந்தச் சரக்கை ஊத்தி ஓட்டும். நானும் கூட உக்காந்து வருவேன். ஏரி வரைக்கும் ஏறிட்டா எரிபொருள். ஏறலைன்னா சாராயம். வண்டியையும் எடுத்துக்கிட்டு உம்மையும் உள்ள போடுவேன்.”

டின்கள் இரண்டும் ஸ்டேஷனுக்குப் போயின. அரக்கு வைத்து சீல் போட்டவர் ஏட்டையா. இரவு முழுக்க அதற்குக் காவல் இருந்தவரும் ஏட்டையாதான். தொப்பை விழுந்த, குளிர் தாங்காத, நல்ல மனிதர். வீட்டில் வரிசையாகப் பிள்ளைகள். அதுகள் எல்லாம் விடிந்ததும் ரொட்டி ராக்கெட் கடைக்கு ஓடிவந்து பன் வாங்கும். ஆளுக்கு ஒன்று என்று அவர் எண்ணிக் கொடுப்பார். எப்போதும் ஒன்று கூடத்தான் இருக்கும்.

மறுநாள் சூடான ரொட்டித் தட்டுகளை எஞ்சின் மேல் அடுக்கி மூடி, எஞ்சினைப் போடாமலே பெருமாள்மலை வரை இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போனோம். முன்னால் அவரும் இன்ஸ்பெக்டரும். பின்பெட்டிச் சீட்டில் டின்களை மடியில் வைத்துக்கொண்டு ஏட்டையா, சாட்சிக் கையெழுத்துப் போட நான். ஏட்டையா கம்பளி மப்ளரை மூக்குவரை சுற்றியிருந்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. குளிர் என்று நினைத்தேன்.

பெருமாள்மலையில் ரொட்டி ராக்கெட் முதல் டின்னை ஊற்றி, ரொட்டித் தட்டுகளை எஞ்சினிலிருந்து எடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். அப்பா! அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குச் சாமர்த்தியம் போதாது. வண்டி மேட்டில் ஏறவில்லை, மேட்டை விழுங்கிற்று. கொண்டை ஊசி வளைவுகளில் நான் ஏட்டையா மேலும் ஏட்டையா என் மேலும் மாறி மாறி விழுந்தோம். வளைவு ஒன்றில் மூச்சிரைத்துக்கொண்டு நின்ற எங்கள் கம்பெனி பஸ்ஸைத் தாண்டினோம். ரொட்டி ராக்கெட் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு பெருமை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, “இன்னும் வெரசா போகுமா?” என்று கேட்டது என் காதில் தெளிவாக விழுந்தது.

வெள்ளி அருவியில் நிறுத்தி, ரொட்டி ராக்கெட் இரண்டாவது டின்னின் சீலை உடைத்து ஊற்றினார். கிளம்பினோம். முதல் வளைவு தாண்டவில்லை. வண்டி ஒரு தடவை இருமிற்று. இன்னொரு தடவை இருமிற்று. நின்றுவிட்டது.

அவர் இறங்கி வந்து டின்னை மோந்தார். ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். முகம் மாவு நிறமாயிற்று. பாதிக்கு மேல் தண்ணீர்.

அப்போது ஏட்டையாவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது. மப்ளர் நழுவிவிட்டது. பூண்டு வாசம் என் முகத்தில் அடித்தது. “தம்பி, குளிரு தாங்கலை. கொஞ்சந்தான்னு எடுத்தேன்... வேலை போச்சுன்னா பிள்ளைக எல்லாம் தெருவுல கெடக்கும்” என்று கிசுகிசுத்தார். மதுவிலக்குப் போலீஸ்காரர், தானே சீல் வைத்த சாட்சிப் பொருளைக் குடித்திருக்கிறார். வேலை மட்டுமா போகும்?

ரொட்டி ராக்கெட் டின்னோடு திரும்பினார். ஏட்டையாவைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதல் டின்னில் வண்டி பறந்ததை இன்ஸ்பெக்டரே பார்த்தாயிற்று. ரொட்டி ராக்கெட்டின் பெயர் பிழைக்கும், வண்டி பிழைக்கும்.

“என்னய்யா ஆச்சு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான்தாங்க தண்ணி ஊத்துனேன்” என்றார் ரொட்டி ராக்கெட். “நீங்க எடுக்கிறதுக்கு முந்தியே. ரெண்டாவது டின்னு நெறையலை. அளவு கூட்டிக் காட்டணும்னு ஊத்திட்டேன். வண்டி ஏறாதுங்க. என் சரக்குக்கு அம்புட்டுத் தெம்பு இல்லைங்க.”

வாழ்நாளில் எடை குறைந்த ரொட்டி விற்காத மனிதர்.

இன்ஸ்பெக்டர் மீசைதான் புதிது, மூக்கு புதிதல்ல. காற்று பின்பெட்டியிலிருந்து அவர் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது. டின்னை வாங்கித் தானும் ஒரு தடவை மோந்தார்.

“முதல் டின்னு புகையாப் போச்சு. ரெண்டாவது டின்னுல இருக்கிறது பூண்டுத் தண்ணி. இதைக் கோர்ட்டுல கொண்டுபோய் வச்சா, ‘ரசம் வந்துடுச்சு, சாப்பாடு எங்கே’ன்னு ஜட்ஜு கேப்பாரு. கேஸ் இல்லை. ஆனா அந்தத் தவலையை இன்னைக்கே என் முன்னால உடைக்கணும். இனிமே ஒரு சொட்டு வடிச்சீர், விட மாட்டேன்” என்றார். அப்புறம் திரும்பாமலே, “ஏட்டு, நாளையிலருந்து பூண்டைக் குறைச்சுக்கோங்க” என்றார்.

“சரிங்கய்யா” என்றது மப்ளர்.

அங்கிருந்து வண்டியைத் தள்ளினோம். ஏட்டையா யாரையும் தொடவிடாமல் ஒற்றை ஆளாக முக்கால்வாசித் தூரம் தள்ளினார். பின்னால் வந்த எங்கள் கம்பெனி பஸ், ஹாரனை அழுத்தியபடியே கடந்து போயிற்று. பஸ் ஸ்டாண்டில் டிரைவர்கள் வாளியும் துடைப்பமுமாகத் தயாராக நின்றார்கள். சொன்ன சொல் தவறாமல் ரொட்டி ராக்கெட் அன்று சாயங்காலம் ஒரு பஸ்ஸைக் கழுவினார். சுத்தமாகவே கழுவினார். ‘தண்ணி ஊத்துன ராக்கெட்டு’ என்று அதற்கப்புறம் சின்னப் பயல்கள்கூடக் கூப்பிட்டார்கள்.

எனக்கு ஆறவில்லை. அடுப்போரம் உட்கார்ந்து, “ஏண்ணே, உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

மாவைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “ஏட்டையா பிள்ளைக தினம் வெள்ளனே பன்னு வாங்க வருதுக. ‘உங்கப்பா எங்கே’ன்னு அதுககிட்ட நான் எப்படிப்பா கேக்க? வண்டிக்கு என்ன, பிள்ளையா குட்டியா. நீயும் அந்தாளு ரிட்டயராகுற வரைக்கும் மூச்சு விடாதே.” அப்புறம் என்னைப் பார்க்காமலே கேட்டார்: “ஆமா, நீ பின்னால இருந்தேல்ல தம்பி. ஏறியிருக்கும்ல?”

அதற்குப் பதிலை அன்று அவருக்கு மட்டும் சொன்னேன். ஏட்டையா கௌரவமாக ரிட்டயராகி, காலமாகி, வருஷங்கள் ஆகிவிட்டன. ரொட்டி ராக்கெட்டும் போய்விட்டார். இனிச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே அந்த டிரைவர்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன், ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்கிறேன்.

ஏறியிருக்கும், அண்ணே. ஏரி வரைக்கும், ஒரே மூச்சில் ஏறியிருக்கும்.